பழைய ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் நெடி: ஓர் ஆராய்ச்சி

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வெகுநாள் ஆசையின் பேரில் வாங்கி, அதன் வண்ணத்தையும் வடிவையும் இன்னும் கண்ணாரப் பார்த்துத் தீராத சமயத்தில், ஒருநாள் காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிக்கும் பெட்ரோல் நெடியால் மனம் துணுக்குறாத சொந்தக்காரர் அபூர்வம். அவர் போய் அனுபவஸ்தர்களை விசாரித்தால், "பழைய வண்டி என்றால் வாடை அடிக்கத்தான் செய்யும்" என்ற ஒரே பதிலைப் பல வாய்களிலிருந்தும் கேட்பார். அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கொஞ்சம் உண்மை இருப்பதனாலேயே அது முழுப்பொய்யைவிட அதிகக் கெடுதல் செய்கிறது. எந்தக் காலத்து வண்டியில், எந்த வேளையில் அடிக்கும் நெடி இயல்பானது, எது இயல்பானதன்று, இயல்பல்லாத நெடியை அதன் பிறப்பிடம் வரையில் எப்படிப் பின்தொடர்வது என்பவற்றை, இங்கிலாந்திலும் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் உற்பத்தியாகி அமெரிக்கச் சாலைகளில் ஏராளமாக ஓடிய 1960, 1970களின் கார்களை உதாரணமாக வைத்துக்கொண்டு இங்கே ஆராய்ந்து பார்க்க விரும்புகிறேன்.

முதலில் பெட்ரோலின் சுபாவத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். அது ஒரு தனிப் பொருளன்று. ப்யூட்டேன், பென்டேன் போன்ற இலேசானவை முதல் டொலுயீன், சைலீன் போன்ற கனத்தவை வரையில் நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்கள் கலந்த திரவம். இலேசானவை உடனுக்குடன் ஆவியாகிவிடும் இயல்புடையவை ஆதலால், பூஜ்யத்துக்கு 40 டிகிரி செல்சியஸ் கீழான குளிரில்கூடப் பெட்ரோலின் மேற்பரப்பில் தீப்பற்றக்கூடிய ஆவி நிற்கிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. ஆகையால் அது மேலே எழும்பிக் கலைந்துபோகாமல், தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோலத் தரையோடு தவழ்ந்து, கொட்டகையின் மூலைகளிலும் பழுதுபார்க்கும் குழிகளிலும் தேங்கிக் கிடக்கிறது. அமெரிக்க வீடுகளில் கார்க் கொட்டகைக்குள்ளேயே வெந்நீர்க் கொதிகலம் வைக்கும் வழக்கம் உண்டு. அதில் தீப்பற்றவைக்கும் பாகம் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குல உயரத்தில் இருக்கவேண்டும் என்று அந்நாட்டுக் கட்டட விதிகள் வற்புறுத்துவது, இப்படித் தவழ்ந்து வரும் ஆவியை நினைத்துத்தான். காற்றில் நூற்றுக்கு 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரையில் இந்த ஆவி கலந்துவிட்டால், அதன் பிறகு ஒரு பொறி போதும்.

இந்த அபாயத்துக்கு எதிராக இயற்கை நமக்கு அளித்திருக்கும் காவல் மிகவும் கூர்மையானது. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகப் பெட்ரோல் ஆவி இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்கிறது; தீப்பற்றும் எல்லையோ பத்து லட்சத்தில் 14,000 பங்கு. ஆக, ஆபத்து வருவதற்குப் பல ஆயிரம் மடங்கு முன்னதாகவே மூக்கு குரல் கொடுத்துவிடுகிறது. தொல்காப்பியர் உயிர்களை அறிவின் வகையால் அடுக்கிச் சொன்னபோது, முகரும் அறிவை எறும்புக்கும் வாய்த்ததாக மூன்றாம் படியில் நிறுத்தி, கண்ணையும் செவியையும் அதற்கு மேலே ஏற்றினார். வரிசையில் தாழ்ந்த அந்தப் புலனே இந்தக் காரியத்தில் மற்ற நான்கையும் முந்திக்கொள்கிறது என்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருவது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே வாடையில் சில நிமிஷங்கள் நின்றால் மூக்கு மரத்துப்போய்விடும். கொட்டகைக்குள் அரைமணி நேரம் குனிந்து தேடிவிட்டு, "இப்போது வாடை இல்லை" என்று சொல்லுகிறவர் பொய் சொல்லவில்லை; அவருடைய மூக்குதான் ஓய்ந்துவிட்டது. அடிக்கடி வெளியே வந்து நல்ல காற்றை முகர்ந்துவிட்டுத் திரும்புவதும், வண்டியோடு சம்பந்தமில்லாத வேறொருவரை அழைத்து முகர்ந்து பார்க்கச் சொல்வதும் இதனால்தான் தேடலின் முதல் நியமங்களாகின்றன.

"பழைய வண்டி என்றால் வாடை" என்ற வாக்கியத்தின் உண்மைப் பகுதிக்கு இப்போது வருவோம். பெட்ரோல் டாங்கி மூச்சு விடவேண்டிய பாத்திரம். பெட்ரோல் செலவாகச் செலவாக அந்த வெற்றிடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வெயிலில் நிற்கையில் விரிந்தெழும் ஆவி வெளியே போகவேண்டும். அந்தக் காலத்து யந்திர சாஸ்திரிகள் இதற்குக் கண்ட உபாயம் மிக எளிது: டாங்கியின் மூடியில் ஒரு சிறு துவாரம், அல்லது கழுத்திலிருந்து வெளிக்காற்றுக்கு ஒரு குழாய். கார்புரேட்டரின் மிதவை அறைக்கும் அதே ஏற்பாடு. ஆவி காற்றில் கலந்து போயிற்று. அதை ஒரு குற்றமாக யாரும் கருதவில்லை.

குற்றமாகக் கருதவைத்தது லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் மேல் கவிந்த புகைமூட்டம். கால்டெக் என்னும் கலிபோர்னியாக் கல்விக்கழகத்தில், ஹாலந்தில் பிறந்த ஆரி ஹாகன்-ஸ்மிட் என்ற ரசாயன அறிஞர் அன்னாசிப் பழத்தின் மணத்துக்குக் காரணமான பொருள்கள் எவை என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பழத்தின் வாசனையைப் பிடித்துக் குளிர்வித்துப் பிரித்துப் பார்க்கும் அதே முறையை நகரத்துக் காற்றின்மேல் திருப்பி, எரியாத பெட்ரோல் ஆவியும் என்ஜின் கக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளும் சூரிய வெளிச்சத்தில் கூடிச் சமைக்கும் விஷமே அந்த மூட்டம் என்று 1950களின் தொடக்கத்தில் அவர் நிலைநாட்டினார். வாசனையை ஆராய்ந்த மனிதர் ஒருவரால்தான் பெட்ரோலின் நெடிக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது என்பதை இந்த விஷயத்தில் ஈடுபட்டவர்கள் மறக்கலாகாது. அதன் பயனாக, கலிபோர்னியாவில் 1970ஆம் ஆண்டு மாடல் முதலும், அமெரிக்கா முழுவதிலும் 1971ஆம் ஆண்டு மாடல் முதலும், டாங்கியின் ஆவியை வெளியே விடாமல் சிறைப்படுத்தவேண்டும் என்ற விதி வந்தது. மூடியின் துவாரம் அடைபட்டது. ஆவியைத் தாங்கிச் செல்லும் குழாய்கள் ஒரு டப்பாவில் போய் முடிந்தன. விசேஷமாகப் பக்குவம் செய்த கரி நிறைந்த அந்த டப்பா, வண்டி நிற்கும்போது ஆவியை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வண்டி ஓடும்போது அதை என்ஜினுக்குக் கொடுத்து எரித்துவிடும்.

ஆகவே ஒருவர் தம் வண்டியைப் பற்றி முதலில் கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்வி, அது இந்த விதிக்கு முந்தியதா, பிந்தியதா என்பது. இங்கிலாந்தின் ஆபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரையில் ஐந்து லட்சத்துக்கு மேல் உற்பத்தியான எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொண்டால், 1965ஆம் ஆண்டு வண்டி நடுப்பகல் வெயிலில் நின்றபின் டாங்கி மூடியருகே இலேசாக வாடை வீசுமானால், அது அந்த வண்டியின் பிறவிக்குணம். அமெரிக்காவுக்கென்று செய்யப்பட்ட 1972ஆம் ஆண்டு எம்.ஜி.பி.யில் அதே வாடை வீசுமானால், ஏதோ ஒரு குழாய் வெடித்திருக்கிறது, அல்லது கழன்றிருக்கிறது, அல்லது யாரோ முந்தைய சொந்தக்காரர் 'இதெல்லாம் எதற்கு' என்று பிடுங்கி எறிந்திருக்கிறார். ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே நெடி. ஆனால் இரண்டுக்கும் பொருள் வேறு. "பழைய வண்டி என்றால் அப்படித்தான்" என்பவர்கள் இந்த வேற்றுமையைக் கவனிப்பதில்லை.

தேடத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை, "எங்கே" என்ற கேள்வியோடு தொடங்குவது. ஆவி ஓரிடத்தில் பிறந்து, தரையோடு தவழ்ந்து, காற்றோட்டத்தில் இழுபட்டு, ஓட்டுநரின் காலடியிலோ பின்னிருக்கையின் ஓரத்திலோ போய்ச் சேருகிறது. வாடை மிகுதியாக உள்ள இடம் அது பிறந்த இடம் என்று கொள்வதற்கில்லை. ஆவி இடத்தை மாற்றிக்கொள்ளும், வேளையை மாற்றிக்கொள்ளாது. ஆகவே "எப்போது" என்று கேட்பவருக்கே "எங்கே" என்பதற்கு விடை கிடைக்கிறது என்பது இந்த ஆராய்ச்சியில் நான் கொண்டிருக்கும் உறுதியான முடிவு. ஒரு வாரம் வண்டியைத் தொடாமல், கையில் ஒரு நோட்டுப்புத்தகத்தை வைத்துக்கொண்டு, நெடி வந்த வேளை, டாங்கியில் இருந்த பெட்ரோலின் அளவு, வெயிலா குளிரா, கண்ணாடி திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எழுதி வந்தால், அந்த ஏழு நாள் குறிப்பு ஒரு மாதத்துக் குருட்டுத் தேடலைவிட அதிகப் பிரயோசனப்படும்.

பெட்ரோல் நிரப்பிய இரண்டு நாள் அடித்துவிட்டு, டாங்கி பாதியானதும் மறைந்துபோகும் நெடி, டாங்கியின் மேற்பாதியில் உள்ள குறையையே சுட்டிக்காட்டும். எம்.ஜி.பி.யின் டாங்கி டிக்கியின் தரைத்தகட்டுக்கு அடியில் ஒட்டித் தொங்குகிறது. டாங்கியின் மேல்தகட்டுக்கும் டிக்கித் தகட்டுக்கும் நடுவே உள்ள சந்தில் சாலையின் சேறும் ஈரமும் புகுந்து, அங்கே வைத்த மெத்தைத் துண்டுகளில் ஊறி, வருஷக்கணக்காகக் காயாமல் நிற்கின்றன. அடியிலிருந்து பார்க்கிறவருக்கு டாங்கி புதிதுபோல் தெரியும். மேலே, யாரும் பார்க்கமுடியாத இடத்தில், ஊசிமுனைத் துவாரங்களாக அது துருவேறித் தின்னப்பட்டிருக்கும். முழுக்க நிரப்பினால் மட்டும் அந்தத் துவாரங்கள் வழியே பெட்ரோல் கசிந்து, டாங்கியின் பக்கவாட்டில் ஒரு கறைக்கோடாக வழியும். பெட்ரோல் அளவைக் காட்டும் மிதவையைப் பொருத்திய வட்டத்தின் ரப்பர் வளையம் இறுகிப்போனாலும் இதே அடையாளம்தான் தோன்றும். வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும், அல்லது இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் மட்டும் நெடி வந்தால், பெட்ரோல் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்து இணைப்பைப் பார்க்கவேண்டும். வண்டி வலப்புறம் திரும்பும்போது திரவம் இடப்புறம் ஒதுங்கும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வகையில் மிகவும் பாடம் கற்பிக்கும் வண்டி, 1969ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த டாட்ஸன் 240 இஸட். 2.4 லிட்டர் கொள்ளளவும் வரிசையாக ஆறு சிலிண்டர்களும் கொண்ட என்ஜினோடு, சாமானியர் வாங்கக்கூடிய விலையில் வந்து அமெரிக்கர்களின் மனத்தைக் கவர்ந்த அந்தக் காரில், டாங்கி பின்புறத் தரைக்கு அடியில் இருக்கிறது; பெட்ரோல் ஊற்றும் வாய் வலப்பக்கப் பின்விலாவில் இருக்கிறது. டாங்கியிலிருந்து எழும் ஆவியை ஏற்று அடக்குவதற்கான ஒரு சிறு தகரப்பெட்டி, பயணிகள் அமரும் கூண்டுக்குள்ளேயே, அதே வலப்பக்கத்துப் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அந்தப் பலகையின் குமிழ்களை ஒவ்வொன்றாக நெம்பி எடுத்து, பலகையைச் சற்றே முன்னால் சாய்த்துப் பார்த்தால், தரைத்தகட்டின் ரப்பர் வளையங்களைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து மேலே வரும் பல குழாய்கள் அந்தப் பெட்டியில் வந்து கூடுவதைக் காணலாம். ஐம்பது வருஷத்துக் குழாய் ஒன்றை விரலிடுக்கில் வைத்து மெல்ல மடக்கினால், வெளித்தோல் காய்ந்த ஏரியின் சேற்றுப்பாளம்போல் வெடித்துக் காட்டும். கிளிப்பு இறுக்கிய இடத்தில் ஒரு பிளவு, அதைச் சுற்றி ஈரமேயில்லாமல் கொஞ்சம் கருமை, அவ்வளவுதான். ஒரு சொட்டுப் பெட்ரோலும் அங்கே கசிவதில்லை. கசிவது ஆவி மட்டுமே. அதனால்தான் வண்டியின் அடியில் படுத்துச் சொட்டைத் தேடுகிறவர்கள் மாதக்கணக்கில் ஒன்றும் காணாமல் எழுந்துவருகிறார்கள். கறை தேடும் கண்ணுக்கு ஆவி அகப்படுவதில்லை.

அதே வண்டியில் வேறொரு விசேஷமும் உண்டு. பின்புறம் செங்குத்தாக வெட்டினாற்போல் முடியும் எந்தக் காரும் ஓடும்போது, அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்த ஒரு சுழல் உண்டாகி, சைலன்ஸரின் புகையைத் திரும்ப வண்டியை நோக்கி இழுக்கிறது. பின்கதவின் ரப்பர் பட்டை நைந்திருந்தாலும், பின்விளக்குகளின் பாக்கிங் காய்ந்திருந்தாலும், தரையின் ரப்பர் அடைப்பான்களில் ஒன்று விழுந்துபோயிருந்தாலும், அந்தப் புகை கூண்டுக்குள் நுழைந்துவிடும். 240 இஸட்டின் முதல் வண்டிகளில் காற்றுப்போக்கிகள் பின்கதவிலேயே இருந்தன. பின்னர் அவை பக்கத்தூண்களுக்கு மாற்றப்பட்டன. இந்தப் புகையின் வாடையைப் பெட்ரோலின் வாடை என்று எண்ணி டாங்கியைக் கழற்றினவர்கள் பலர். பச்சைப் பெட்ரோலின் நெடி கூர்மையாக, குளிர்ச்சியாக மூக்கின் நுனியைத் தொடும். அரைகுறையாக எரிந்த புகையின் வாடை கனத்துக் கண்ணைக் கரிக்கும். கண்ணாடியை இறக்கினால் மிகுந்து, எல்லாவற்றையும் மூடி முன்புறக் காற்றைத் திறந்துவிட்டால் குறையும் வாடை பெரும்பாலும் புகையே. இதை அலட்சியம் செய்யலாகாது. புகையோடு சேர்ந்து வரும் கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும் அந்த வாயுவைப் பற்றி மூக்கு எதுவுமே சொல்லாது. ஆகையால் பின்கதவின் பட்டையை மாற்றுவது வாடைக்கான பரிகாரம் மட்டுமன்று, உயிருக்கான காவலும் ஆகும்.

டாங்கி முன்னால் இருக்கும் வண்டிகளின் விஷயம் சற்றே வேறு. போர்ஷ் 911இல் டாங்கி முன்டிக்கியின் அடியில் இருப்பதால், மூச்சுக்குழாய்களோ மேல்மிதவையின் பாக்கிங்கோ பழுதுபட்டால் எழும் ஆவி, முன்கண்ணாடியின் கீழேயுள்ள காற்றுவழியாகக் கூண்டுக்குள் வீசப்படும். விசிறியைப் போட்டதும் வந்து, நிறுத்தியதும் போகும் நெடியைக் கண்டவர் முன்மூடியைத் திறக்கவேண்டும். என்ஜின் நடுவில் அமைந்த போர்ஷ் 914 வண்டியிலோ, டாங்கியிலிருந்து என்ஜினுக்குப் போகும் பெட்ரோல் குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை. தரையின் நடுவே செல்லும் சுரங்கம்போன்ற மறைவிடத்துக்குள் அவை கண்ணுக்குத் தெரியாமல் கிடந்து, காலத்தால் முறுகி நொறுங்கக்கூடியவையாகிவிடும். என்ஜின் அறையிலிருக்கும் பேட்டரியின் அமிலம் சிந்தி அந்த அறைக் குழாய்களைக் கெடுத்துத் தீப்பற்றிய சம்பவங்கள் அந்த வண்டியை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அறிந்தவை. அதில் நெடி வந்தால் ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். சுரங்கத்துக் குழாய்களை உலோகக் குழாய்களாக மாற்றிவிட்டுத்தான் மறுபடி சாவியைத் திருப்பவேண்டும் என்பது என் கட்சி.

என்ஜினை நிறுத்தி அரைமணி நேரத்துக்குள் எழுந்து, பிறகு அடங்கிப்போகும் நெடி, கார்புரேட்டர் வண்டிகளில் ஓரளவு இயல்பானதே. ஓடும்போது காற்றாலும் புதிதாக வரும் பெட்ரோலாலும் குளிர்ந்துகொண்டிருந்த மிதவை அறை, வண்டி நின்றதும் என்ஜினின் சூட்டை முழுவதும் வாங்கிக்கொள்கிறது; உள்ளிருக்கும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிறது. குளிர்நாடுகளில் குளிர்காலத்துக்கென்று ப்யூட்டேனை அதிகம் கலந்து விற்கும் பெட்ரோல், வசந்தகாலத்து முதல் வெயில் நாளில் டாங்கியில் மிச்சமிருந்தால், இந்தக் கொதிப்பு இன்னும் கடுமையாகும். ஆனால் அந்த நெடி மறுநாள் காலையிலும் நிற்குமானால், மிதவை அறையின் ஊசிவால்வில் தூசி சிக்கியிருக்கிறது, அல்லது மிதவையே ஓட்டையாகி மூழ்கியிருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

எம்.ஜி.பி.யிலும் 240 இஸட்டிலும் கார்புரேட்டர்களும் சூடான புகைக் குழாய்க்கொத்தும் என்ஜினின் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்திருக்கின்றன. நடுவே ஒரு தகட்டுத் தடுப்பு மாத்திரமே. நிரம்பி வழியும் பெட்ரோல் கொத்தின்மேல் விழுந்துவிடாமல் கீழே கொண்டுபோய் விடுவதற்காக, மிதவை அறைகளின் மேலிருந்து மெல்லிய வடிகுழாய்கள் இறங்குகின்றன. அழகுக்காக என்ஜின் அறையைத் துலக்கிப் பளபளப்பாக்கும்போது இந்த வடிகுழாய்களை அநாவசியம் என்று கழற்றிவிட்ட வண்டிகள் உண்டு. எஸ்.யு. கார்புரேட்டரின் ஹெச்.எஸ். வகையில், மிதவை அறையிலிருந்து ஜெட்டுக்குப் பெட்ரோலைக் கொண்டுபோகும் விரல் நீள நைலான் குழாய் வயதானால் விறைத்து, சேருமிடத்தில் துளித்துளியாகக் கசியும். அந்தக் கசிவைக் காண என்ஜினை ஓட்டவேண்டியதில்லை. சாவியைத் திருப்பிப் பம்பின் டிக் டிக் ஓசையைக் கேட்டாலே போதும். அறை நிரம்பியதும் ஓசை நிற்கவேண்டும். நிற்காமல் சிறிது நேரத்துக்கு ஒருமுறை ஒலித்துக்கொண்டே இருக்குமானால், பெட்ரோல் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது. மூன்று பவுண்டு அழுத்தத்துக்கு ஏற்பட்ட இந்தக் கார்புரேட்டருக்கு, அதிக அழுத்தம் தரும் புதிய மின்பம்பை வாங்கிப் பூட்டுகிறவர்கள், ஊசிவால்வு தோற்றுப்போகும்படி தாங்களே வழி செய்துவிடுகிறார்கள்.

யந்திரத்தால் இயங்கும் பம்பு உள்ள வண்டிகளில், அதாவது நம் ஊர் ஒர்க்ஷாப்புகளில் ஏ.சி. பம்ப் என்று சொல்லப்படும் வகையில், நெடி வெளியே வராமலே ஒரு கேடு நடக்கலாம். அந்தப் பம்பின் உள்ளே மேலும் கீழும் அசையும் ரப்பர்த் தோல் கிழிந்தால், பெட்ரோல் நேராக என்ஜின் ஆயிலில் போய்க் கலக்கும். அளவுக்குச்சியை இழுத்துத் துடைத்து முகர்ந்து பார்க்கவேண்டும். ஆயில் நீர்த்து, அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்து, குச்சியில் பெட்ரோல் மணந்தால், அந்த என்ஜினை ஒரு சுற்றுக்கூடச் சுழலவிடக்கூடாது. நீர்த்த ஆயிலால் பேரிங்குகள் நாசமாவது ஒருபுறம் இருக்க, ஆயில் அறையில் நிறைந்த ஆவி தீப்பற்றும் அபாயமும் இருக்கிறது. சாதாரணமாக எல்லோரும் கடைசியில் பார்க்கும் இந்தக் குச்சியை முதலில் பார்க்கவேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். அரை நிமிஷத்துக்குமேல் ஆகாத பரீட்சை இது.

இன்ஜெக்ஷன் வண்டிகளில் அபாயத்தின் அளவே மாறிவிடுகிறது. 1975இல் வந்த டாட்ஸன் 280 இஸட்டின் பாஷ் முறையில் பெட்ரோல் ஏறக்குறைய 36 பவுண்டு அழுத்தத்தில் நிற்கிறது. கார்புரேட்டர் வண்டியில் சொட்டாக விழும் கசிவு இங்கே பனிப்புகைபோல் பீச்சியடிக்கும். குளிர்காலக் காலையில் ரப்பர் சுருங்கியிருக்கும்போது இன்ஜெக்டரின் சிறு குழாய்களில் கசிந்து, என்ஜின் சூடேறி ரப்பர் விரிந்ததும் தானாக அடைபட்டுவிடும் கசிவும் உண்டு. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் அது மறைந்துவிடுவதால், சொந்தக்காரர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. அத்தகைய வண்டியை இரவு முழுவதும் மெக்கானிக்கின் இடத்திலேயே விட்டுவைத்து, விடியற்காலையில் அவரைக் கொண்டே முதன்முதலாகச் சாவியைத் திருப்பச் செய்யவேண்டும்.

மேலே சொன்ன காரணங்கள் எல்லாவற்றுக்கும் அடியில், இருபது, முப்பது வருஷங்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு காரணம் இருக்கிறது. வண்டி மாறவில்லை, பெட்ரோல் மாறிவிட்டது. அமெரிக்காவில் நூற்றுக்கு 10 பங்கு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் அதுவே சாதாரண ரகமாயிற்று. அந்தக் கார்களைச் செய்தவர்கள் தேர்ந்தெடுத்த ரப்பரும் தக்கைப் பாக்கிங்கும் எத்தனாலை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவையல்ல. அது அவற்றை ஊதச் செய்தும், மென்மையாக்கியும், காய்ந்தபோது வெடிக்கச் செய்தும் கெடுக்கிறது. இதைவிட நுட்பமான கேடு ஒன்று உண்டு: பார்வைக்கு எவ்விதக் குறையுமில்லாத குழாயின் சுவர் வழியாகவே பெட்ரோல் ஆவி ஊடுருவி வெளிவருவது. சொட்டு இல்லை, வெடிப்பு இல்லை, ஆனால் கொட்டகை முழுவதும் வாடை. இதைக் கண்டறியும் வழி வெகு சுலபமானது. துவைத்துக் காயவைத்த வெள்ளைத் துணியைக் குழாயின்மேல் சிறிது நேரம் இறுகச் சுற்றிவைத்திருந்து, பிறகு கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கவேண்டும். துணியில் பெட்ரோல் மணந்தால், அந்தக் குழாய் எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. மாற்றும்போது, கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் ஏதோ ஒரு கருப்புக் குழாயை வாங்கிவிடாமல், அதன்மேல் அச்சிட்டிருக்கும் எழுத்துகளை வாசிக்கவேண்டும். எஸ்.ஏ.இ. ஜே30ஆர்7 என்ற தரத்தைவிட ஜே30ஆர்9 என்ற தரம் ஆவியை மிகமிகக் குறைவாகவே ஊடுருவவிடும்; அதன் உட்சுவர் ஃப்ளூரின் சேர்ந்த விசேஷ ரப்பரால் ஆனது. கிளிப்புகளிலும் கவனம் வேண்டும்: பற்கள் வெட்டிய சாதாரணக் கிளிப்பை மட்டுமீறி முறுக்கினால் அது மென்மையான குழாயை அறுத்துவிடும், ஓரம் உருட்டிய கிளிப்பே பெட்ரோலுக்கு உரியது.

தேடும் முறையைப் பற்றி நிபுணர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியார் கருவிகளில் நம்பிக்கை வைப்பவர்கள்: டாங்கியின் ஆவிக்குழாய்களில் வெண்புகையை மெல்ல ஊதி அது எங்கே எட்டிப்பார்க்கிறது என்று காண்பது, ஹைட்ரோகார்பனை முகரும் மின்கருவியின் மூக்கை இணைப்புக்கு இணைப்பு நகர்த்துவது ஆகியவை அவர்கள் வழி. மற்றக் கட்சியார், தேடுவதில் காலத்தைக் கழிப்பானேன், டாங்கி முதல் கார்புரேட்டர் வரையில் ரப்பர் என்று பெயர் சொல்லக்கூடிய அனைத்தையும் ஒரேயடியாக மாற்றிவிடுவோம் என்பவர்கள். வயது தெரியாத ரப்பர் விஷயத்தில் நான் இரண்டாவது கட்சியையே சேர்ந்தவன். அதன் காரணத்தை ஆராய்ந்து கொண்டிருப்பது வீண். ஆனால் எல்லாவற்றையும் மாற்றிய பின்னும் நெடி நீடித்தால், அப்போது கருவியும் குறிப்புப் புத்தகமும் அன்றி வேறு கதி இல்லை. நெடி முன்புறத்தினதா, பின்புறத்தினதா என்ற சந்தேகத்தைத் தீர்க்க, டாங்கி மூடியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டி ஓரிரவு விடுவதும், என்ஜினின் அடியிலும் டாங்கியின் அடியிலும் வெள்ளைக் காகிதங்களைப் பரப்பி வைப்பதும் செலவில்லாத உபாயங்கள்.

எந்த முறையானாலும், சொட்டுகிற பெட்ரோலைக் கண்ணால் கண்டபின் "ஓட்டிப் பார்த்தால் தெரியும்" என்று என்ஜினைக் கிளப்புவது மன்னிக்கமுடியாத அஜாக்கிரதை. கொட்டகையின் கதவுகளை அகலத் திறந்து, மின்சுவிட்சுகளைத் தொடாமல் வண்டியை வெளியே தள்ளி, காற்றாட விட்டபிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றவேண்டும். கம்பி பல்பு எரியும் கைவிளக்கு கீழே விழுந்து உடைந்தால் அதுவே தீக்குச்சியாகிவிடும். பொறி வராத டார்ச்சைத்தான் பிடிக்கவேண்டும். தீயணைக்கும் குப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும், கொட்டகையின் மறுகோடியில் அல்ல. கழற்றிய டாங்கியை வெல்டிங் செய்யக் கொண்டுபோகிறவர்கள் நினைவில் வைத்திருக்கவேண்டியது, நிறைந்த டாங்கியைவிடக் காலி டாங்கியே கொடியது என்பது. நிறைந்ததில் காற்றுக்கு இடமில்லை, காலியானதிலோ ஆவியும் காற்றும் தீப்பற்றும் விகிதத்தில் கலந்து காத்திருக்கின்றன. ஆவியை அறவே போக்கிப் பழகிய கைகளிடம் அல்லாமல் அதை ஒப்படைக்கக்கூடாது.

பழுது நீங்கியது என்பதை எப்படி அறிவது? சிலர் அன்று மாலையே ஒருமுறை முகர்ந்துவிட்டுத் திருப்தி அடைகிறார்கள். கீழே சிந்திய பெட்ரோலும், விரிப்பில் ஊறிய வாடையும், சொந்தக்காரரின் களைத்த மூக்கும் அன்று மாலை எதையும் நிச்சயமாகச் சொல்லவிடமாட்டா. விரிப்புகளை எடுத்து இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, வண்டியைக் கழுவி, டாங்கியை நிரப்பி, நிரப்பும் துப்பாக்கி தானாக நின்றபிறகு இன்னும் கொஞ்சம் என்று ஊற்றாமல் அத்தோடு விட்டு, அப்படி ஊற்றினால் திரவமே கரி டப்பாவுக்குள் புகுந்து கரியைப் பாழாக்கிவிடும் ஆதலால் அதில் கண்டிப்பாக இருந்து, சிறிது தூரம் ஓட்டி என்ஜினை நன்றாகச் சூடாக்கி, வண்டியைக் கொட்டகையில் விட்டுக் கதவுகளை இறுகச் சாத்திவிடவேண்டும். மறுநாள் காலை அந்தக் கதவைத் திறப்பவர், இத்தனை நாளும் தேடிக் களைத்தவராக இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரராகவோ, வீட்டிலுள்ள சிறுவராகவோ இருக்கவேண்டும். வாசலில் நின்று அவர் இழுக்கும் முதல் மூச்சில் பழைய தோலிருக்கையின் மணமும் கொஞ்சம் ஆயில் மணமும் மாத்திரம் இருந்து, "என்ன வாடையைத் தேடச் சொன்னீர்கள்?" என்று அவர் திரும்பிக் கேட்டால், பிடுங்கி வைத்த பக்கப் பலகையை அன்றைக்கே திரும்பப் பொருத்திவிடலாம்.